ஆறாம் வகுப்பின் பசி

சிவகிரி வட்டாரத்தில் கூலி வேலைக்குப் போகிற வீடுகள் காலை ஆறு மணிக்கே காலியாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் மாவும் விளைகிற பூமி இது. களையெடுப்புக்கும் பறிப்புக்கும் ஆள் ஏற்றிப் போகிற வண்டி, வெளுக்கும் முன்பே தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். வடக்கே ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு ஷிப்ட் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பும் அம்மா இதே நேரத்தில் வேலைக்குப் போனவள்தான். ஆனால் அப்போது வீட்டில் ஆச்சி இருந்தாள், பானையில் பழையது இருந்தது. இப்போது ஆச்சியும் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். குக்கரில் அளந்து பொங்குகிற வீட்டில் மறுநாளைக்குச் சோறு மிஞ்சுவதில்லை. பிள்ளையின் கையில் பத்து ரூபாய் இருக்கும். கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் ஒரு வடையும் அரை கிளாஸ் டீயும், இல்லாவிட்டால் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் மசாலாப் பாக்கெட்டில் ஒன்று. காலைச் சாப்பாடு முடிந்தது.

தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்தை எடைபோட வேண்டியது இந்தப் பத்து ரூபாயை வைத்துத்தான். வீட்டுக்குள் நடந்துவிட்ட ஒரு மாற்றத்துக்கு அரசு கொடுத்த பதில் அது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் மதுரையில் தொடங்கிவைத்தபோது 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. ஊரகத்தில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகள் 2024 ஜூலை 15-லும், நகர்ப்புறத்தில் உள்ளவை 2025 ஆகஸ்ட் 26-லும் சேர்ந்தன. பயன்பெறும் பிள்ளைகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். இந்த வரிசையில் நெல்லைச் சீமைக்கு ஒரு மனக்குறை உண்டு. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் மிஷன்களும் உறவின்முறைகளும் நடத்துகிற உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். ஒரே தெருவில் அரசுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பொங்கல் கிடைக்க, எதிர்வீட்டுப் பிள்ளை ஓராண்டோ ஈராண்டோ காத்திருந்தது.

திட்டத்தின் பலனைச் சொல்ல வருகிறவர்கள் முதலில் எடுப்பது வருகைப் பதிவேட்டை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் 1,543 பள்ளிகளில் 1,319-ல் வருகை கூடியதாகத் தெரியவந்தது. அந்த ஒப்பீடு 2022 ஜூன், ஜூலையையும் 2023 ஜனவரி, பிப்ரவரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஜூன் என்பது சேர்க்கை முடியாத மாதம். மாமா வீட்டிலிருந்து பிள்ளைகள் திரும்பி வந்திருக்கமாட்டார்கள். கோவிட் கால அடைப்பு முடிந்து பள்ளிக்கூடம் பழைய கதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்டு வேறு. அதனால் அந்த உயர்வு முழுவதையும் உப்புமாவின் கணக்கில் எழுத எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் வருகைப் பதிவேட்டில் ஏறாத ஒரு பலன் உண்டு. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி உட்காருகிற பிள்ளை, பத்தரை மணிக்கு "வயித்த வலிக்கி டீச்சர்" என்று வந்து நிற்கிற பிள்ளை — தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த முகங்கள் இவை. அந்த வயிற்றுவலிக்குப் பேர் பசி என்பதும் அவர்களுக்குத் தெரியும். அம்மாவின் விடியற்காலைப் பதைப்பில் ஒரு பங்கு குறைந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை எந்த ஆய்வும் சரியாக அளந்ததாகத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய பலன் என்று நான் நினைப்பது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே அடுப்பில் வெந்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்பது. இந்த வட்டாரத்தில் அது சின்ன விஷயம் இல்லை. 2022 செப்டம்பரில், திட்டம் தொடங்கிய அதே மாதத்தில், சங்கரன்கோவில் வட்டத்துப் பாஞ்சாகுளத்தில் தலித் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் கொடுக்க மறுத்தார். வீடியோ பரவியது, கரிவலம்வந்தநல்லூர் காவல் நிலையத்தில் வழக்கு, கைது, கடைக்குச் சீல். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழையத் தடை விதிக்கிற அளவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அபூர்வமான பிரிவொன்றும் எடுக்கப்பட்டது. சத்துக்குறைவை அளக்கத் தராசு இருக்கிறது. கையில் காசோடு போய் வெறுங்கையோடு திரும்பிய பிள்ளைக்குள் என்ன குறைந்தது என்று அளக்க எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பரில், எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டிப் பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. தொடவேண்டாம் என்று சொல்லி அனுப்பியது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்போதைய அமைச்சர் பெ.கீதாஜீவனும் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்த ஊர் என்று சொல்லப்படுவதும் அதே எட்டயபுரம்தான். ஒரு வேளைச் சோறு சாதியை ஒழித்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மூடிய வீட்டுக்குள் நடக்கிற தீண்டாமையை அது பள்ளி முற்றத்துக்கு இழுத்துவந்து, அதிகாரி பதில் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் வைக்கிறது.

இனி தட்டில் இருப்பதைப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கொஞ்சம் காய். எண்ணெயும் சேர்த்துக் கூட்டினால் 300 கலோரிக்குப் பக்கம் வரும். புரதம் எட்டு ஒன்பது கிராம். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 23 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலையிலேயே கிடைத்துவிடுகிறது. "உப்புமாவை ஊட்டி ஏமாற்றுகிறார்கள்" என்று மேடையில் எகிறுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. பருப்பு அளவுப்படி போகிற இடத்தில் இது பரவாயில்லாத சாப்பாடு. சாம்பாரில் தண்ணீர் கூடினால் கணக்கு தலைகீழாகும் என்பது வேறு. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்பதைக் காதில் வாங்கி, 2025-ல் அரிசி உப்புமாவுக்குப் பதில் பொங்கல் என்று சட்டப்பேரவையில் அறிவித்ததையும் நல்ல அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாநில அரசு பிள்ளைகளின் நாக்குக்குச் செவிசாய்ப்பது அடிக்கடி நடப்பதில்லை.

ஓட்டை இருப்பது இரும்புச்சத்தில். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 50.7. வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் குறைந்த அதே காலத்தில் ரத்தம் குறைந்த பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். தானியத்திலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது; கூடவே வைட்டமின் சி வேண்டும். பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன சந்தை. சிவகிரித் தோட்டங்களில் பழத்தைப் பறிக்கிறவள் இந்தப் பிள்ளையின் அம்மா. பிள்ளையின் பொங்கலில் மட்டும் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு இல்லை. உள்ளூரில் விளைகிற சிறுதானியத்தை வாரத்தில் இரண்டு நாளாவது சேர்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. கொள்முதல் என்று வரும்போது ரவையும் சேமியாவும் முந்திக்கொள்கின்றன. பாலும் கிடையாது. கர்நாடகம் 2013-லேயே 'க்ஷீர பாக்ய' என்று பள்ளியில் பால் கொடுக்கத் தொடங்கிவிட்டது. முட்டை மதியத்தில் வருகிறது என்பது ஆறுதல்.

இந்தக் குறைகளெல்லாம் பட்டியலைத் திருத்தினால் தீரும். திட்டத்தின் அடிப்படைப் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. அது ஐந்தாம் வகுப்போடு முடிகிறது.

ஊர்ப்புற அரசு நடுநிலைப் பள்ளியில் காலை எட்டரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே வளாகம், ஒரே குழாய், ஒரே வேப்பமரம். மூன்றாம் வகுப்புத் தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறவள் ஏழாம் வகுப்பு அக்கா. அம்மா வேலைக்குப் போனபிறகு அவனைக் குளிப்பாட்டி, தலைசீவி, பையை எடுத்துக்கொடுத்துக் கூட்டிவருவதும் அவள்தான். அவன் தட்டோடு வரிசையில் உட்காருவான். அவள் வராண்டாத் தூணில் சாய்ந்து நிற்பாள். "ஏட்டி, நீயும் உக்காரு" என்று சமைக்கிற அக்கா ஒரு கரண்டி வைத்துவிட முடியாது. அடுப்பு மூட்டிய நேரம், சமைத்து முடித்த நேரம், சாப்பிட்டவர் எண்ணிக்கை எல்லாம் கைபேசிச் செயலியில் ஏறியாக வேண்டும். மதியம் பன்னிரண்டரைக்கு அதே அக்காவும் தம்பியும் ஒரே சத்துணவு மையத்தில் சாப்பிடுவார்கள். சத்துணவு பத்தாம் வகுப்புவரை உண்டு. காலையில் மட்டும் அவளுக்குப் பசிக்காது என்று கோப்பு சொல்கிறது.

உடம்பின் கணக்கோ நேர்மாறாக இருக்கிறது. ஏழு முதல் ஒன்பது வயதுவரை நாளைக்கு 15 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும் என்கிறது ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பத்து முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது 16. அதே வயதுச் சிறுமிக்கு 28. ஏறத்தாழ இரட்டிப்பாகிற அந்த வயதில்தான் தட்டு பிடுங்கப்படுகிறது. அந்த வயதில்தான் வீட்டு வேலை கூடுகிறது, மாதவிலக்கு தொடங்குகிறது, தொலைவிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்து பிடிக்கச் சீக்கிரம் கிளம்ப வேண்டியும் வருகிறது. 15 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறபோது நாம் உச்சுக்கொட்டுகிறோம். அது கல்யாணத்துக்குப் பிறகு வந்த நோய் இல்லையே. செலவு கூடும் என்பார்கள், கூடும்தான். ஆனால் நடுநிலைப் பள்ளியில் அடுப்பும் பாத்திரமும் ஆளும் ஏற்கெனவே இருக்கின்றன. கூடுவது பெரும்பாலும் பண்டத்தின் விலைதான். அங்கிருந்தாவது தொடங்கியிருக்கலாம்.

சமைக்கிறவர்களின் நிலையிலும் இந்த ஐந்தாம் வகுப்புக் கோடு குறுக்கே விழுகிறது. மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், அதே ஊர்க்காரர், பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது தேர்வு விதி. தன் பிள்ளை தின்னப்போவதைத் தாயே சமைக்கும்போது கை தானாகவே சுத்தமாகும் என்பது அதன் நியாயம், நல்ல யோசனைதான். ஆனால் பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் அவர் இடத்துக்கு வேறொரு தாய் வரவேண்டும். ஐந்தரை மணிக்கு எழுந்து, நூறு பிள்ளைக்கு உப்புப் பதம் பழகி, செயலியும் கைவந்த நேரத்தில் வேலை போய்விடும். மகளுக்குத் தட்டும் தாய்க்குக் கரண்டியும் ஒரே ஜூன் மாதத்தில் கைவிட்டுப் போகின்றன. கிடைத்ததும் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தின் ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பத்தாண்டுகளாகத் தெருவில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறார்கள். காலை உணவுக்காரர்களுக்கோ சேர்ந்து உட்காரும் அளவுக்குப் பணிக்காலமே கிடையாது.

திட்டத்துக்கு வெளியே நிற்கிற பிள்ளை இன்னொன்றும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுகிற கூலிக் குடும்பம், அந்த நாளிலிருந்து பிள்ளையின் காலை உணவையும் மதிய உணவையும் முட்டையையும் இழக்கிறது. வேனில் ஏறும்போது அந்தப் பிள்ளையின் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்க எந்தத் துறைக்கும் பொறுப்பில்லை.

கடைசியாக, இந்தச் சாப்பாடு யாருடையது என்ற கேள்வி. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்புவரை மதிய உணவைப் பிள்ளையின் உரிமை ஆக்கியிருக்கிறது. தராமல் விட்டால் அதற்கீடாகப் படி தரவேண்டும் என்றும் சொல்கிறது. காலை உணவுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. அது அரசாணையில் நிற்கிறது. சட்டம் இல்லாமல் நின்றது எப்படிப் போகும் என்பதைச் சென்னை ஒருமுறை பார்த்திருக்கிறது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது. பிறகு சேர்ந்த நான்கு பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை 1922–23-ல் 811 ஆக இருந்தது 1924–25-ல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக்கூடாது என்று வெள்ளை அரசு சொன்னது. 1925-ல் அடுப்பு அணைந்தது. அண்மையில் தெலங்கானா 2023 அக்டோபரில் பத்தாம் வகுப்புவரை காலை உணவு என்று தமிழ்நாட்டைவிட ஒருபடி மேலே போய் அறிவித்தது. இரண்டு மாதத்தில் ஆட்சி மாறியதும் அது பின்னுக்குப் போனது.

தமிழ்நாட்டில் சாப்பாட்டில் கைவைக்கிற துணிச்சல் எந்தக் கட்சிக்கும் வராது என்று சொல்லப்படுவதுண்டு. நிறுத்தும் துணிச்சல் வராது, சரி. சுருக்குவதற்குத் துணிச்சல் தேவையில்லை. பருப்பைக் குறைத்தாலோ, ஒப்பந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தாலோ, சிலிண்டருக்கான பணம் இரண்டு மாதம் தாமதமானாலோ சிவகிரிப் பக்கத்துக் கிராமத்துத் தாய் எந்த வாசலில் போய் எதைக் காட்டிக் கேட்பாள்? மதிய உணவுக்கு ஒரு சட்டப் பிரிவு எண்ணைக் காட்டலாம். காலை உணவையும் அந்த வரிசையில் சேர்த்து, எட்டாம் வகுப்புவரை நீட்டி, கிராம சபையில் சமூகத் தணிக்கைக்கு வைக்கிற ஒரு மாநிலச் சட்டத்தைப் பேரவை கொண்டுவருவதற்குத் தடை ஏதும் இல்லை. அதற்கான மசோதா இரண்டு பக்கத்தைத் தாண்டாது.