காலடியில் இருக்கிறது ஆட்டம்

'சார்பட்டா பரம்பரை' படத்தைப் போன வாரம் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். டான்சிங் ரோஸ் வளையத்துக்குள் வந்ததும் இந்த முறை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கால்களை மட்டும் பார்த்தேன்.

குத்துச்சண்டையில் கையைத் தொங்கப்போட்டு நிற்பது ஆபத்து. முகம் திறந்து கிடக்கும். அப்படி நிற்கிற துணிச்சல் கால்வேகம் உள்ளவனுக்குத்தான் வரும். உன் குத்து வந்து சேருகிற இடத்தில் நான் இருக்க மாட்டேன் என்கிற நம்பிக்கை அது. 1990-களில் பிரிட்டன் வீரர் நசீம் ஹமீது இப்படித்தான் ஆடினார். ரோஸாக நடித்த ஷபீர் கல்லரக்கல் அந்தக் கால்களை அப்படியே கொண்டுவந்திருக்கிறார். குதிகால் தரையில் படுவதே அபூர்வம். எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. கபிலன் (ஆர்யா) முதலில் காற்றைத்தான் குத்துகிறான். வாங்கிய குத்தைவிட, வீசித் தப்பிப்போன குத்துதான் தோளை அதிகமாகக் களைக்க வைக்கும். ஆர்யாவின் உடம்பில் அந்தக் களைப்பு தெரிகிறது. பிறகு ரோஸின் தாளம் அவனுக்குப் பிடிபடுகிறது. சண்டை அங்கே திரும்புகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே பா. ரஞ்சித்துக்கும் ஒளிப்பதிவாளர் முரளிக்கும் ஒரு வணக்கம் வைக்க வேண்டும். தமிழில் எடுக்கப்பட்ட விளையாட்டுக் காட்சிகளில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. அதைக் கபிலன், வேம்புலி சண்டைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்த துணிச்சலும் எனக்குப் பிடித்தது. ஒரு விளையாட்டு வீரனின் வாழ்க்கை அவன் கைக்கு வெளியே எங்கோ முடிவாகிறது என்பதை வசனமில்லாமலே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் இரண்டாம் பாதியில் எனக்கு ஒப்புதல் இல்லை. குடியில் விழுந்து, தொப்பை வைத்து, மூச்சு வாங்குகிறவன் திரும்பி வருவதைப் படம் அவசர அவசரமாகக் காட்டிவிடுகிறது. உடம்பு அப்படித் திரும்பி வராது. வலி, சலிப்பு, விட்டுவிடலாமா என்கிற எண்ணம் எல்லாம் வந்து போகிற நீண்ட வேலை அது. முதல் பாதியில் காலடிக்குக் கொடுத்த மரியாதையை இங்கே மூச்சுக்கும் கொடுத்திருக்கலாம்.

அந்தப் படத்தில் ரங்கன் வாத்தியாராக வாழ்ந்த பசுபதியை 2025-இல் வந்த மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' படத்தில் அப்பாவாகப் பார்த்தேன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர் மணத்தி கணேசன். அவர் வாழ்க்கையிலிருந்து பிறந்த படம் இது. துருவ் விக்ரமின் உழைப்பைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். என் மனதில் நின்றது பசுபதியின் பயம். மகன் களத்தில் இறங்கினால் உயிரோடு திரும்புவானா என்று நடுங்குகிற ஒரு தகப்பன். ஊரில் நன்றாக ஆடிய எத்தனையோ பையன்கள் ஏன் மாவட்ட அணியைக்கூட எட்டாமல் நின்றுபோனார்கள் என்பதற்கு அந்த முகம் பதில் சொல்கிறது.

ஊர்க் கிரிக்கெட்டைப் பற்றிய 'லப்பர் பந்து' வேறு மாதிரியான சந்தோஷம். 2024-இல் தமிழரசன் பச்சமுத்து இயக்கி வந்த முதல் படம். ரப்பர் பந்தில் தையல் கிடையாது. அதனால் தையலை வைத்துச் செய்கிற வித்தை எதற்கும் அதில் வழியில்லை. வீசுகிறவனிடம் இருப்பது வேகம், அளவு, இரண்டையும் மாற்றுகிற புத்தி, அவ்வளவுதான். மண் தரையில் பந்து எகிறும். அடிக்கிறவன் எதிராளியின் பந்தை நாலு மேட்ச் பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருப்பான், வீசுகிறவனும் அப்படியே. ஊரில் பெயர்பெற்ற மட்டையாளர் கெத்து பூமாலையின் ஆட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று இளைஞன் அன்பு சொன்ன ஒரு சொல்தான் படத்தின் மொத்தப் பகைக்கும் விதை. மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், இது மிகையே அல்ல. 'உனக்கு அந்தப் பக்கம் வராதுடா' என்று ஒருவன் சொன்னதற்காகப் பல வருடம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. ஏனென்றால் சொன்னது உண்மை.

கெத்தாக வரும் அட்டகத்தி தினேஷ் மட்டையைப் பிடித்து நிற்கிற நிற்பிலேயே ஊர் ஆட்டக்காரனின் வயதும் கர்வமும் வந்துவிடுகின்றன. அன்புக்குத் திறமை இருந்தும் ஜாலி ஃப்ரெண்ட்ஸ் அணியில் இடம் இல்லாமல் போவதற்குச் சாதிதான் காரணம் என்பதை இயக்குநர் சத்தம் போடாமல், ஆனால் மழுப்பாமல் சொல்கிறார். நம் ஊர் மைதானங்களின் தேர்வுக் குழுவைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய படங்கள் நம்மிடம் குறைவு.

புத்தகங்களில் ஆண்ட்ரே அகாசியின் சுயசரிதை 'ஓப்பன்' என் தூக்கத்தைக் கெடுத்தது. 2009-இல் வெளியானது. எட்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றவர் டென்னிஸை வெறுத்தேன் என்று எழுதுகிறார். சிறுவயதில் அப்பா தயாரித்துவைத்த பந்து வீசும் இயந்திரத்துக்கு அவர் கொடுத்த பெயர் டிராகன். ஒரு நாளைக்கு 2,500 பந்து அடித்தால் ஒரு வருடத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் ஆகிவிடும், அத்தனை பந்து அடித்த பிள்ளையை யாரும் வெல்ல முடியாது என்பது அந்தத் தகப்பனின் கணக்கு. கணக்கு பலித்தது. பிள்ளை என்ன ஆனான் என்பதுதான் புத்தகம்.

1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்தை அதுவரை நான் ஆண்ட்ரெஸ் கோமெஸின் அனுபவம் வென்ற ஆட்டமாகத்தான் நினைத்திருந்தேன். அகாசி சொல்வது வேறு. தலையில் வைத்திருந்தது பொய்முடி. முந்தைய இரவு அது பிய்ந்துபோக, ஊசி குத்தி ஒட்டவைத்துக்கொண்டு களமிறங்கியிருக்கிறார். ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவர் வேண்டவில்லையாம், முடி விழக்கூடாது என்றுதான் வேண்டினாராம். பந்தை எட்டிப் பிடிக்கக் குதிக்கிற ஒவ்வொரு முறையும் ஒருவன் தலைமுடியை நினைத்துக்கொண்டிருந்தால் கால் எப்படி நகரும்? புள்ளிவிவரத்தை வைத்து என்னைப் போன்ற விளையாட்டு எழுத்தாளர்கள் எழுதுகிற அலசலில் இப்படிப்பட்ட ஒரு காரணம் ஒருபோதும் வராது. அன்றிலிருந்து ஒரு வீரரின் மோசமான நாளைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது.

அதே புத்தகத்தில் 2006 அமெரிக்க ஓப்பன் இரண்டாம் சுற்று. பாக்தாதிஸோடு ஐந்து செட். ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் உடம்பு முறுக்கிக்கொள்ள, பக்கத்துப் பக்கத்து மேசையில் கிடக்கிறார்கள். தொலைக்காட்சியில் அவர்கள் ஆட்டமே ஓடுகிறது. தோற்றவன் கை நீட்டுகிறான், ஜெயித்தவன் பிடித்துக்கொள்கிறான். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது நம் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 1959-இல் நூலாக வந்த இந்தச் சிறிய சல்லிக்கட்டு நாவலை இந்த மாதம் மறுபடி படித்தேன். அப்பன் அம்புலியைக் கொன்ற காரிக் காளையை அணைக்க, ஜமீன்தாரின் மாடு என்று தெரிந்தும், மச்சான் மருதனோடு வந்து நிற்கிறான் பிச்சி. கதை மொத்தமும் ஒரு பொழுதுக்குள் முடிந்துவிடுகிறது. மாடு வெளியே வரும் முன்னான காத்திருப்புக்குச் செல்லப்பா கொடுக்கிற பக்கங்களைப் பாருங்கள். எந்த மாடு எந்தப் பக்கம் கொம்பை வீசும், எப்போது தலையைத் தாழ்த்தும், திமிலில் கை விழ எத்தனை நொடி கிடைக்கும் என்று பேச்சிலேயே ஆட்டத்தின் இலக்கணத்தைக் கற்றுக் கொடுத்துவிடுகிறார். அதனால்தான் காரி தவ்வும்போது வாசகனுக்கும் தன் கால் தரையை விட்டுப் போவது தெரிகிறது. சல்லிக்கட்டைப் பக்கத்தில் நின்று பார்க்காத எவராலும் இப்படி எழுத முடியாது.

பிச்சி ஜெயிக்கிறான். ஆனால் நாவல் அங்கே நிற்கவில்லை. தோற்ற காளையை ஜமீன்தார் என்ன செய்கிறார் என்பது கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. படிக்காதவர்களுக்காக அதை நான் இங்கே சொல்லவில்லை. சில மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம், இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் படியுங்கள்.