மூன்று நாடா, பத்தொன்பது பேர்

‘தமிழில் பங்க் ராக் உண்டா?’ என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். ‘காது கிழியும் சத்தம் என்றால் ஆடி மாசத்தில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போங்கள்’ என்று தப்பித்திருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது.

1976-ல் நியூயார்க்கில் ரமோன்ஸ் முதல் ஆல்பம் போட்டார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் க்ளாஷ். இருவரும் சொன்ன சங்கதி ஒன்றுதான். குருவிடம் பத்து வருஷம் உட்கார வேண்டாம், மூன்று கார்டு தெரிந்தால் போதும், ஆனால் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் பலர் இந்தக் கடைசி நிபந்தனையை வசதியாக மறந்துவிட்டார்கள். கிழிந்த ஜீன்ஸ் மட்டும் மிஞ்சியது.

இதற்கு ஆள்பலமும் தேவையில்லை. கிடார், பேஸ், டிரம்ஸ், மூன்று பேர். க்ரீன் டே அப்படித்தான். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெசவாளி ஒருவரே மூன்றையும் ஓட்டிவிட முடியாது, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அசந்தால் கரை பல்லிளிக்கும். பாண்டில் பேஸ் வாசிப்பவர் இந்தப் பக்கத்துக் கை. யாரும் கவனிப்பதில்லை, நிறுத்தினால்தான் தெரியும்.

சரி, தமிழில்? கிடாரை வைத்துத் தேடினால் கிடைக்காது. கானாவில் தேட வேண்டும். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பாடுகிற மனுஷனுக்கு மூன்று கார்டுகூடத் தெரியாது. சொல்வதற்கு நிறைய இருந்தது. தொண்ணூறுகளில் சினிமா அதை எடுத்து, குளிப்பாட்டி, ஹீரோவின் குத்துப் பாட்டாக்கி, காதல் தோல்விக்கு வைத்துக்கொண்டது. பாடியவர்கள் வட சென்னையிலேயே இருந்தார்கள்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியபோது அந்தக் கணக்கு கொஞ்சம் மாறியது. பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. பத்தொன்பது பேர், அதில் ஒரே பெண் இசைவாணி. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். சட்டி, கட்ட மோளம், பறை, பக்கத்தில் எலெக்ட்ரிக் கிடார். பெயர் அயோத்திதாசரிடமிருந்து வந்தது. தங்களைச் சாதியற்றவர்கள் என்று பதிவு செய்யச் சொன்னவர் அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே.

இவர்களின் பாட்டுகளில் எனக்குப் பிடித்தது இடஒதுக்கீட்டைப் பற்றிய ‘கோட்டா’. டீக்கடையில் நூறு முறை கேட்ட வாதத்துக்கு எடிட்டோரியல் எழுதாமல் கானாவில் பதில் சொல்கிறார்கள். கோபம் இருக்கிறது, கூடவே நக்கல் இருக்கிறது. நக்கல் இருக்கும்வரை பாட்டு நிற்கிறது. சில பாட்டுகளில் கோஷம் முன்னால் வந்து உட்கார்ந்ததும் தாளம் தளர்ந்துவிடுகிறது. கிடாரும் சில இடங்களில் பறையை மூடுகிறது. அது மகா தப்பு. கிடாரை எந்த ஊரிலும் கேட்கலாம்.

குழுவாக இருப்பதில் ஒரு சிக்கல், உலகம் குழுவை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார், சந்தோஷம். குழுவில் ராப் பாடிய அறிவு, தீயுடன் சேர்ந்து பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021-ல் உலகம் சுற்றியது. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாக ஆட்சேபித்தார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டார்கள். பட்டுப்புடவை ரசீதில் கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். நெய்தவர் பெயரை நாம் யாராவது கேட்டிருக்கிறோமா? பக்கத்துக் கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயர்போன் வேண்டாம். பறை அதில் தகர டப்பா மாதிரி கேட்கும். நல்ல ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் அளவுக்கு வையுங்கள். தட்டினால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ‘கோட்டா’வை முதலிலிருந்து போடவும்.