இரண்டில் தொடங்குங்கள், பிறகு ஒன்றை ஆடுங்கள்!

சைலன்ட் ஹில் கேம்களை எந்த வரிசையில் ஆடுவது என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: 2, 1, 3, 4. கொனாமியின் டீம் சைலன்ட் குழு 1999-லிருந்து 2004-க்குள் செய்து முடித்த நான்கு கேம்கள் இவை. எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அடுக்கி ஆடிப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த வரிசைக்கு ஈடே கிடையாது!

ஏன் இரண்டு முதலில்? 2001-ல் வந்த இந்தக் கதை தனிக்கதை. மனைவி மேரி இறந்து மூன்று வருடம் கழித்து, அவள் பெயரில் ஜேம்ஸ் சண்டர்லேண்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. சைலன்ட் ஹில் என்ற ஊரில் காத்திருக்கிறாளாம். அவ்வளவுதான், ஆள் கிளம்பிவிடுகிறான். ஏரியோரக் காட்டுப்பாதையில் இறங்கி ஓட ஆரம்பிக்கிறீர்கள். எதிரி யாரும் வருவதில்லை. பாதை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. பனிமூட்டம், காலடிச் சத்தம், பக்கத்தில் ஏதோ நடப்பதுபோல ஒரு பிரமை. ஒரு பேயைக்கூடக் காட்டாமல் இந்த அளவுக்குப் பயமுறுத்திய கேமை நான் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிய ஜாலம் ஒன்று இருக்கிறது. நீங்கள் இந்த கேமை ஆடும்போது அது உங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது! காயத்துக்கு மருந்து போடாமல் அலைந்தீர்களா? ஏஞ்சலா என்ற பெண்ணிடமிருந்து வந்த கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தீர்களா? மேரியின் சாயலில் வரும் மரியாவை விட்டு நகராமல் நடந்தீர்களா? எல்லாம் கணக்கில் ஏறுகிறது, முடிவும் அதற்கேற்ப மாறுகிறது. ‘இதுவா, அதுவா’ என்று திரையில் ஒருமுறைகூட உங்களைக் கேட்பதில்லை. உங்கள் சுபாவத்தை வைத்தே ஜேம்ஸின் மனநிலையைத் தீர்மானிக்கிறார்கள். பையிலிருக்கும் மேரியின் கடிதத்தை அவ்வப்போது திறந்து பாருங்கள். காரணத்தை நான் சொல்ல மாட்டேன்!

ஒன்றை ஆடிவிட்டு இரண்டுக்கு வருபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. முதல் கதையில் வரும் மதக்கும்பலையே இங்கும் தேடிக்கொண்டிருப்பார்கள். இங்கே பூதம் வெளியில் இல்லை, ஜேம்ஸுக்குள்தான் இருக்கிறது. பிரமிட் ஹெட் என்ற பூதம் எதற்காக வருகிறான் என்பது பிடிபடும் அந்த நொடிக்கு, வேறு எந்த விளக்கமும் தலையில் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். புளூபர் டீம் 2024-ல் செய்த ரீமேக்கும் அபாரம், தாராளமாக அதிலேயே தொடங்கலாம்.

அடுத்து ஒன்று. 1999, முதல் பிளேஸ்டேஷன். ஹாரி மேசன் தன் மகள் ஷெரிலைத் தேடுகிறான். தூரத்துக் காட்சியை வரைய அந்த இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை. மறைப்பதற்குப் பனிமூட்டத்தைப் போட்டார்கள், அந்தப் பனிமூட்டமே தொடரின் முகமாகிவிட்டது! பூதம் பக்கத்தில் வந்தால் பாக்கெட் ரேடியோ இரைகிறது. எங்கே இருக்கிறது என்று தெரியாது, இருக்கிறது என்பது மட்டும் தெரியும். இதன் மேல் அகிரா யமாவோகாவின் இசை. தொடக்கத்தில் மாண்டலின் உருக வைக்கிறது, உள்ளே போனால் இரும்பை இரும்பால் தேய்க்கிற ஓசை. தெருப் பெயர்களையும் கவனியுங்கள்: பிராட்பரி, பிளாக், மாதிசன். எல்லாம் எழுத்தாளர்கள் பெயர்.

ஒன்று முடிந்த கையோடு மூன்று. நடுவில் வேறு எதையும் நுழைக்கவே கூடாது. 2003-ல் வந்த இது ஒன்றின் நேரடித் தொடர்ச்சி. மாலில் கண்விழிக்கும் ஹெதர் என்ற பதினேழு வயதுப் பெண்ணுக்கு, தன்னை ஏன் துரத்துகிறார்கள் என்றே தெரியாது. ஹாரியின் கதை மனதில் சூடாக இருக்கும்போது ஆடினால் நடுப்பகுதியில் நெஞ்சு விண்டுபோகும். புரூக்ஹேவன் மருத்துவமனை இதிலும் வருகிறது, இரண்டில் ஜேம்ஸ் நடந்த அதே இடம். அங்கே ஒரு அறையில் பெரிய நிலைக்கண்ணாடி. முதலில் கண்ணாடிக்குள் மட்டும் ரத்தம் நரம்பு நரம்பாகப் படர்கிறது. பிறகு ஹெதரின் பிம்பம் அசையாமல் நின்றுவிடுகிறது. வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றால் செத்தீர்கள்! பிளேஸ்டேஷன் 2 மெமரி கார்டில் இரண்டாம் பாகத்தின் சேவ் இருந்தால் ஒரு கழிப்பறைக் குறும்பும் உண்டு. ஜேம்ஸ் கைவிட்டுத் துழாவியது நினைவிருப்பவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

கடைசியாக நான்கு, 2004-ல் வந்த ‘தி ரூம்’. ஹென்றி டவுன்ஷெண்ட் தன் 302-ஆம் எண் வீட்டுக்குள் சிக்கிக்கொள்கிறான். கதவில் உட்பக்கமாகச் சங்கிலிகள், குளியலறைச் சுவரில் ஒரு ஓட்டை. முதல் பாதியில் வீட்டுக்குத் திரும்பினாலே காயம் ஆறுகிறது. பிறகு அந்த வசதி போய், வீட்டுக்குள்ளேயே ஆவிகள் புகுந்துவிடுகின்றன. இத்தனை நேரம் அடைக்கலம் தந்த இடத்தையே பிடுங்கிக்கொள்ளும் துணிச்சலுக்கு எழுந்து நின்று கைதட்டலாம்! அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஃபிராங்க் சண்டர்லேண்ட், நம் ஜேம்ஸின் அப்பா. இரண்டில் போகிறபோக்கில் படித்த வால்டர் சல்லிவன் என்ற பெயர் இங்கே கதையின் மையத்துக்கு வருகிறது. தொடங்கிய இடத்து நூல் முடியும் இடத்தில் கிடைக்கிறது என்பதற்காகவே இந்த வரிசை.

மற்றவை? 2007-ல் வந்த ‘ஆரிஜின்ஸ்’ ஒன்றுக்கு முந்தைய கதை, ஆனால் ஒன்றை ஆடிய பிறகே அதற்கு ருசி. 2009-ன் ‘ஷாட்டர்ட் மெமரீஸ்’ ஒன்றையே புதிதாக மாற்றிச் சொல்வது. மனநல மருத்துவரின் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதிலை வைத்து ஊரே மாறும், தவறவே விடாதீர்கள். 2025-ல் வந்த ‘எஃப்’, 1960-களின் ஜப்பானிய சிற்றூரில் நடக்கும் தனிக்கதை. எப்போது வேண்டுமானாலும் ஆடலாம்.

இன்றிரவே இரண்டைப் போடுங்கள். ஹெட்போன் கட்டாயம். இதிலும் ரேடியோ உண்டு, அது இரைந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு ஒதுங்கிப் போகலாம், எல்லாப் பூதத்தோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை. கதவு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், பூட்டியிருந்தால் ஜேம்ஸே வரைபடத்தில் குறித்துக்கொள்வான். முடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு முதல் பாகத்துக்குப் போங்கள். அப்புறம் சொல்லுங்கள், என் வரிசை சரியா இல்லையா என்று!