சுல்தான் அப்துல் சமாட் கட்டடம்: பெயரும் பாணியும்
கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே நிற்கும் இக்கட்டடத்தை 'இசுலாமியக் கட்டடக்கலை' என்று கூறி அமைவது பொருந்தாது என்பது நம் கருத்து. சிலாங்கூர் அரசு அலுவலகங்களுக்காக 1894 முதல் 1897 வரை எழுப்பப்பட்ட இதற்கு, ஏ.சி. நார்மன் முதலில் ஐரோப்பியச் செவ்வியல் பாணியிலேயே வரைபடம் அமைத்தார். இலங்கையில் பணியாற்றி வந்த பொறியாளர் ஸ்பூனர் அதனை ஏற்கவில்லை. பிட்வெல் மாற்றி வரைந்தார். மலாய் மக்கள் இசுலாமியர். ஆகவே குவிமாடம் என்பது அவர்தம் கணக்குப் போலும்! மலாய்ப் பள்ளிவாசல்களின் பழைய மரபோ அடுக்குக் கூரையாகும். கிளந்தானின் கம்போங் லாவுட் பள்ளிவாசல் அதற்குச் சான்று. இக்குவிமாடங்கள் ஆங்கிலேயர் இந்தியாவில் வகுத்துக்கொண்ட இந்தோ-சாரசனிக் பாணியின் வழிவந்தவை. 1892இல் நிறைவுற்ற சென்னை உயர்நீதிமன்றத்தை அறிந்தோர்க்கு இவ்வுறவு எளிதிற் புலப்படும். சுல்தானின் பெயர் 1974இல்தான் சூட்டப்பட்டது. பெயரைக் கொண்டு பாணியை ஊகிக்கும் மாணவர்க்கு ஆசிரியர் இவ்வாண்டையே முதலிற் சொல்லல் வேண்டும்.