‘இயற்கைக் கொல்லணு’ – பெயரும் பொருளும்

ஒரு பொருளுக்கு இடும் பெயர் பின்னால் வரும் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுவதும் உண்டு, வழிமறிப்பதும் உண்டு. 1975-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஏவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் எலியின் மண்ணீரலில் கண்ட ஒருவகை வெள்ளணுவை ‘இயற்கைக் கொல்லணு’ என்று அழைத்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரொனால்டு ஹெர்பர்மனும் அவருடைய குழுவினரும் அதே உயிரணுவைத் தனியே கண்டு வெளியிட்டனர். அன்று தொட்டு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அது பொருந்துமா, பொருந்தாதா என்று கேட்பது வெறும் சொல் விளையாட்டன்று. கருச்சிதைவால் மனம் நொந்த பெண்கள் பலருக்கு வேண்டாத மருந்துகள் ஏற்றப்பட்டமைக்கு இப்பெயரும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது.

பெயர் பிறந்த விதத்தைப் பார்த்தால் பிழை பிறந்த விதமும் விளங்கும். புற்றுநோய் உயிரணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தை ஏற்றி, அவற்றோடு வெள்ளணுக்களைச் சேர்த்து, சில மணி நேரம் கழித்து வெளியே கசிந்த குரோமியத்தை அளப்பது அக்காலத்துச் சோதனை. கசிவு மிகுந்தால் சாவு மிகுந்தது என்பது கணக்கு. முன்பின் அந்தப் புற்றைக் கண்டறியாத எலியின் வெள்ளணுக்கள் கொல்லக் கூடாது, ஆனால் கொன்றன. ஆய்வாளர் பலர் இதனைச் சோதனையில் கலந்த அழுக்கு என்று கருதிக் கணக்கிலிருந்து கழித்துவிட்டனர். கழித்து எறிந்ததில்தான் பொருள் இருக்கிறது என்று துணிந்தது 1975-ஆம் ஆண்டுக் குழுவினரின் பெருமை. முன்பயிற்சி இல்லாமலே செய்ததால் ‘இயற்கை’. குரோமியத்தைக் கசியச் செய்ததால் ‘கொல்லி’. ஆக, கண்ணாடிக் குப்பிக்குள் அந்த அணு செய்த ஒரு காரியத்தையே பெயர் சொல்லிற்று. சமையற்காரரைச் சந்தையில் மட்டும் பார்த்துவிட்டு ‘பை தூக்குபவர்’ என்று எழுதி வைத்ததற்கு ஒப்பானது இது.

இந்த அணு எதைக் கண்டு கொல்லுகிறது என்ற கேள்விக்கு விடை பதினோர் ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. அதற்கு வித்திட்டது ஒரு பழைய புதிர். தந்தை ஓரினம், தாய் ஓரினமாகப் பிறந்த கலப்பின எலிக்கு இருவருடைய அடையாளங்களும் உண்டு. ஆகவே, பெற்றோர் எவருடைய திசுவையும் அது ஏற்க வேண்டும் என்பது உறுப்பு மாற்று விதி. ஆனால், பெற்றோரின் எலும்பு மச்சையை அக்கலப்பின எலி தள்ளிவிடுவதை 1960-களில் குட்கோவிச் காட்டினார். பிள்ளைக்கு அந்நியமானது தந்தையிடம் ஒன்றுமில்லை. பிறகு எதனால் தள்ளிற்று?

கரோலின்ஸ்காவில் மாணவராய் இருந்த கிளாஸ் காரே இக்கேள்வியைத் தலைகீழாக்கினார். தந்தையிடம் அந்நியமானது எதுவும் இல்லைதான். ஆனால் பிள்ளையிடம் உள்ளதில் பாதி தந்தையிடம் இல்லை. அந்த இல்லாமையையே கொல்லணு கண்டுகொள்கிறது என்றார். உடம்பின் அணுக்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் மேலும் எம்.எச்.சி. என்னும் அடையாளப் புரதம் நிற்கிறது. மனிதரிடம் இதற்கு எச்.எல்.ஏ. என்று பெயர். டி-உயிரணுக்கள் அந்தப் புரதம் ஏந்திக் காட்டும் துணுக்குகளில் அந்நியத்தைத் தேடுகின்றன. வைரசுக் கிருமியும் புற்றும் அப்புரதத்தையே மறைத்துவிட்டால் டி-உயிரணு குருடாகிவிடும். அப்போது கொல்லணு விழித்துக்கொள்கிறது. தோட்டத்துப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கங்காணி, கூட்டத்தில் அந்நியன் யார் என்று தேடுவதில்லை. வர வேண்டியவன் வரவில்லை என்பதையே குறித்துக்கொள்கிறான். கொல்லணுவின் வேலையும் அத்தகையது.

1986-இல் காரே, யுங்கிரென், கீஸ்லிங் முதலியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனை இவ்வாராய்ச்சி முழுமையிலும் அழகானது என்று கூறலாம். எலியின் நிணநீர்ப் புற்று ஒன்றிலிருந்து இரண்டு வகைகளை எடுத்தனர். ஒன்றில் அடையாளப் புரதம் இருந்தது, மற்றொன்றில் அது பெரிதும் குறைந்திருந்தது. அடையாளம் உள்ள புற்று எலியிடம் வளர்ந்தது. அடையாளம் இழந்தது அழிந்தது. கொல்லணுக்களை நீக்கிய எலியிலோ அடையாளம் இழந்ததும் வளர்ந்தது. தன்னை மறைத்துக்கொண்டு தப்பலாம் என்று எண்ணிய புற்று, மறைத்ததனாலேயே மாட்டிக்கொண்டது. இக்கருத்துக்கு ‘காணாமற்போன தன்மை’ என்னும் பெயர் வழங்குகிறது.

அடையாளத்தைப் படிக்க ஒரு கண் வேண்டுமல்லவா? அதுவே ஏற்பி. 1992-இல் வேய்ன் யோகோயாமாவும் அவருடைய குழுவினரும் எலியில் லை-49 என்னும் ஏற்பி எம்.எச்.சி.யைத் தொட்டதும் கொல்லணுவைத் தடுத்து நிறுத்துவதைக் காட்டினர். இத்தாலியின் ஜெனோவா நகரில் மொரெத்தா சகோதரர்கள் மனிதரிடம் இவ்வேலையைச் செய்யும் ஏற்பிகளைக் கண்டிருந்தனர். அவற்றின் மரபணுக்கள் 1995-இல் பிரித்தெடுக்கப்பட்டு, பின்னர் கே.ஐ.ஆர். என்று பெயர் பெற்றன. வியப்பு என்னவென்றால், எலியின் ஏற்பியும் மனிதரின் ஏற்பியும் வெவ்வேறு புரதக் குடும்பங்களைச் சேர்ந்தவை. உருவில் உறவே இல்லை, செய்யும் தொழிலோ ஒன்று. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்லுவோர் நிதானிக்க வேண்டிய இடம் இது. தடுக்கும் ஏற்பிகளோடு ஊக்கும் ஏற்பிகளும் உண்டு. நலிவுற்ற அணு மேலெழுப்பும் புரதங்களைக் காணும் என்.கே.ஜி.2டி. அவற்றுள் பெயர் பெற்றது. கொல்வதா விடுவதா என்பதை இந்த இருதரப்புக் குரல்களின் நிறுவையே தீர்மானிக்கிறது. எனவே, பெரும்பாலான நேரம் இந்த அணு செய்யும் வேலை, தொட்டுப் பார்த்து விட்டுச் செல்வதுதான்.

கொல்லுதலைப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. கொல்லணுவே இல்லாத ஓர் இளம்பெண் அக்கி இனத்து வைரசுக் கிருமிகளால் மீண்டும் மீண்டும் கடுமையாகத் தாக்குண்ட செய்தி 1989-இல் வெளிவந்தது. ஜப்பானின் சைத்தாமா வட்டாரத்தில் 3,625 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இரத்த வெள்ளணுக்களின் கொல்லும் திறன் குறைந்திருந்தோருக்குப் புற்றுநோய் மிகுதியாக வந்தது தெரிந்தது. ‘கொல்லணுவைப் பெருக்கும்’ என்று பானமும் பொடியும் விற்போருக்கு இத்தகைய ஆய்வு நல்ல மூலதனம். ஆனால், திறன் குறைந்தோருக்கு என்ன நேர்ந்தது என்பதையே அது சொல்லிற்று. பொடி தின்று திறனை உயர்த்தினால் நோய் வராது என்று அது சோதிக்கவே இல்லை.

மருத்துவத்தில் வெற்றியும் தோல்வியும் கலந்தே வந்தன. 2002-இல் பெருஜியா நகரத்து ருஜேரியும் வெலார்டியும், கொடையாளரின் கொல்லணு நோயாளியின் அடையாளத்தைக் காணாதபடி பொருத்தம் அமைந்தால் ஒருவகை இரத்தப் புற்று மீண்டும் தலைதூக்குவது வெகுவாகக் குறைவதைக் காட்டினர். வேறு முறையைக் கையாண்ட மருத்துவமனைகளில் அதே பலன் எப்போதும் கிட்டவில்லை. 2020-இல் ஹூஸ்டன் நகரில், தொப்புள்கொடி இரத்தத்துக் கொல்லணுவுக்குச் செயற்கை ஏற்பி பூட்டிச் செலுத்தியதில் 11 நோயாளருள் 8 பேருக்குக் குணம் தெரிந்தது. மாறாக, தடுக்கும் ஏற்பியை மருந்தால் மூடிவிட்டால் கொல்லணு பாய்ந்தெழும் என்ற எளிய கணக்கு பலிக்கவில்லை. கே.ஐ.ஆர். ஏற்பியை மூடும் லிரிலுமாப் முதியோரின் இரத்தப் புற்றில் 2017-இல் தோற்றது, என்.கே.ஜி.2ஏ. ஏற்பியை மூடும் மோனலிசுமாப் தலை, கழுத்துப் புற்றில் 2022-இல் கைவிடப்பட்டது. தோல்விக்குரிய காரணத்தின் ஒரு பகுதி முன்பே தெரிந்திருந்தது. தடுக்கும் ஏற்பியின் வழியாகத் தன் உடம்பின் அடையாளத்தைத் தொட்டுப் பழகிய கொல்லணுவே பின்னால் ஆற்றலோடு செயற்படும் என்று யோகோயாமா குழுவினர் 2005-இல் கண்டிருந்தனர். தடை என்று அழைக்கப்பட்டது ஆசிரியராகவும் இருந்தது! ஆசிரியரின் வாயைக் கட்டினால் மாணவன் மந்தமாவான். இத்தகைய மருந்து பெற்ற மயலோமா நோயாளரின் கொல்லணுக்கள் சோர்ந்துபோனதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

நிற்க. பெயரின் பிழை முழுதும் வெளிப்படும் இடம் கருப்பை. கருவுற்ற முதல் மாதங்களில் கருப்பையின் உட்சுவரில் உள்ள வெள்ளணுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு இந்தக் கொல்லணு இனமே. குழந்தையின் அடையாளத்தில் பாதி தந்தையுடையது; அதன் எதிரே கொலைகாரர் கூட்டம் என்றால் எந்தத் தாய்தான் நடுங்கமாட்டாள்? ஆயினும், அந்த அணுக்கள் இரத்தத்தில் திரிபவற்றினின்றும் வேறானவை. கொல்லும் திறனை அரிதாகவே காட்டும். வளர்ச்சிக்கு உதவும் பொருள்களைச் சுரக்கும். நச்சுக்கொடியின் அணுக்கள் தாயின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து அவற்றை அகலத் திறக்கத் துணைநிற்கும். அத்தமனிகள் அகலாவிட்டால் குழந்தைக்கு இரத்தம் போதாது. தாய்க்குப் பிரீ-எக்லாம்சியா என்னும் கொடிய இரத்தக் கொதிப்பு நோய் வரும்.

கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட், சூசன் ஹைபி ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே திருப்புமுனை. கே.ஐ.ஆர். மரபணுக்கள் ஏ, பி என்று இருவகைத் தொகுதிகளாக அமைந்துள்ளன. ஏ தொகுதியில் தடுப்பனவே மிகுதி, பி தொகுதியில் ஊக்குவனவும் உண்டு. இரு பக்கமும் ஏ பெற்ற தாயின் வயிற்றில், எச்.எல்.ஏ.-சி2 என்னும் வகையுடைய குழந்தை வளர்ந்தால் பிரீ-எக்லாம்சியா மிகுதியாகக் கண்டது. சி2 தந்தைவழி வந்தால் ஆபத்து கூடுதல் என்று பிற்பாடு தெரிந்தது. ஊக்கும் ஏற்பி பெற்ற தாய்க்குப் பிறந்த சி2 குழந்தையின் எடை மிகுவதை 2014-இல் வேறோர் ஆய்வு காட்டிற்று. இதன் பொருள் என்ன? கருப்பையில் கொல்லணு அடங்கிக் கிடந்தால்தான் தீங்கு; எழுந்து வேலை செய்தால் நன்மை. பெயர் சொல்வதற்கு நேர் எதிர்!

இந்த ஆய்வுகளுக்கும் குறை உண்டு. அவை மரபணுவும் நோயும் ஒருங்கே காணப்படுவதைச் சொல்கின்றன. இடையில் நடப்பதை உயிருள்ள தாயின் கருப்பையில் எவரும் சோதித்துப் பார்க்க இயலாது. எலியின் ஏற்பி வேறு என்பதால் எலியைச் சாட்சிக்கு அழைப்பதும் அரைச் சாட்சியே. ஐரோப்பியரிடம் காத்து நிற்கும் மரபணுவே எல்லாரிடமும் காக்கிறது என்பதும் இல்லை; உகாண்டா நாட்டுக் கம்பாலாவில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், ஆப்பிரிக்கரிடம் காப்பது பி தொகுதியின் வேறொரு பகுதி என்று தெரிந்தது. இருந்தும், வெவ்வேறு மக்களிடையே பி தொகுதி தாயைக் காக்கும் பக்கமே நிற்பது தற்செயலாக இருத்தல் அரிது.

இவ்வளவும் ஒருபுறம் இருக்க, மறுபுறம் கருத்தரிப்பு நிலையங்கள் பலவற்றில் நடந்தது வேறு. கருச்சிதைவுற்ற பெண்ணின் கையிலிருந்து இரத்தம் எடுத்துக் கொல்லணுவை எண்ணி, ‘மிகுதி’ என்று சொல்லி, அதை அடக்க ஸ்டீராய்டு மாத்திரையும், பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதமும், கொழுப்புக் குழம்பும் ஏற்றினார்கள். கை இரத்தத்து அணு கருப்பை அணுவைக் காட்டாது. காலையிலும் மாலையிலும் களைப்பிலும் கவலையிலும் அதன் எண்ணிக்கை மாறும். 2004-இல் மொஃபெட், லெஸ்லி ரீகன், பீட்டர் பிராடு ஆகிய மூவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைக் கண்டித்து எழுதினர். 2017-இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் வழிகாட்டி நூலும், இச்சோதனையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. எனினும் சோதனைக்குக் கூட்டம் குறையவில்லை. ‘உங்கள் கொல்லணு கூடியிருக்கிறது’ என்று வெள்ளைச் சட்டைக்காரர் கூறினால், குழந்தையை இழந்தவள் எப்படி மறுப்பாள்? ‘தமனி திறக்கும் அணு கூடியிருக்கிறது’ என்று அதே அணுவுக்குப் பெயர் இருந்திருந்தால், அதை அடக்க மருந்து கேட்டு எவரும் வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

2013-இல் இத்துறை அறிஞர் சிலர் கூடி இவ்வகை அணுக்களின் குலவரிசையைத் திருத்தி எழுதினர். கொல்லணுவைப் பிறவி நிணநீரணுக்களின் முதற் குழுவில் வைத்தனர். 2018-இல் அதை மீண்டும் தனியே பிரித்தனர். இரண்டு முறையும் பெயரை மட்டும் தொடவில்லை. கருப்பையில் உள்ளதற்குக் ‘கருப்பைக் கொல்லணு’ என்றே இன்றும் கட்டுரைகளில் எழுதுகிறார்கள்.