இருளில் வழி கணித்தவரின் சாட்சியம்

போர் நினைவுகளை எழுதியோர் பலர். அவர்களுள் வானில் பறந்தவர்களின் நூல்களைப் படிக்கும்போது நம் மனக்கண்ணில் முதலில் தோன்றுபவர் விமானியே. எந்திரத்தை இயக்குபவர் அவர்; ஆபத்தைக் கண்ணெதிரே காண்பவரும் அவர். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மீது பறந்த பிரிட்டானியக் குண்டுவீச்சு விமானங்களில், அவருக்குப் பின்னால், திரையிட்ட ஒரு சிறு மூலையில், மங்கிய விளக்கொளியில், வரைபடத்தின் மீது குனிந்தவாறே பயணம் முழுவதையும் கழித்த ஒருவர் இருந்தார். அவரே நேவிகேட்டர், அதாவது வழி கணிப்பவர். விமானத்தை இலக்கிற்கு மேலே கொண்டு சேர்ப்பதும், பின் அதைத் தளத்திற்குத் திருப்பிக் கொணர்வதும் அவரது பென்சிலின் பொறுப்பு. வெளியே நிகழ்வதை அவர் அதிகம் காண்பதில்லை. ஆயினும் அவரது கணக்கின்றி எதுவும் நிகழ்வதில்லை. இத்தகைய ஒருவர் எழுதிய நூலைப் பற்றியே இங்குப் பேச விழைகிறேன்.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் டான் சார்ல்வுட் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நோ மூன் டுநைட்' என்பதே அந்நூல். 'இன்றிரவு நிலவில்லை' என்பது தலைப்பின் பொருள். 1915இல் பிறந்த சார்ல்வுட், போருக்கு முன் விக்டோரியா மாநிலத்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் உழைத்தவர். ஆஸ்திரேலிய வான்படையில் சேர்ந்து, கனடாவின் எட்மன்டன் நகரில் நேவிகேட்டர் பயிற்சி பெற்று, இங்கிலாந்தை அடைந்தார். லிங்கன்ஷயரில் எல்சம் வோல்ட்ஸ் என்னும் தளத்திலிருந்த 103ஆம் படைப்பிரிவில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் பணியாற்றினார். ஒரு குழுவினர் 30 தாக்குதல் பயணங்களை முடித்தால் ஓய்வு பெறலாம் என்பது அந்நாளைய பொது விதி. சார்ல்வுட்டின் குழு அங்கு வந்து சேர்ந்தபோது, அப்படைப்பிரிவில் பல மாதங்களாக எந்தக் குழுவும் அந்த எல்லையை எட்டியிருக்கவில்லை. இந்த ஒரு செய்தியே நூலின் முதற் பக்கங்களிலிருந்து இறுதிவரை ஒரு நிழல்போல் உடன் வருகிறது.

நேவிகேட்டரின் வேலையைச் சற்று அறிந்துகொண்டால்தான் நூலின் தனித்தன்மை விளங்கும். விமானம் எத்திசையில், எவ்வேகத்தில் செல்கிறது என்பதைக் கருவிகள் காட்டும். ஆனால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். எந்த வேகத்தில், எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை இருளில் எந்தக் கண்ணும் காணாது. ஓர் ஆறோ கடற்கரையோ தென்பட்டால், ஒரு விண்மீனின் உயரத்தை அளக்க முடிந்தால், அல்லது ரேடியோ அலைகளால் இடமறியும் 'ஜீ' என்னும் கருவி உதவினால், தான் உண்மையில் இருக்குமிடத்தை அவர் குறித்துக்கொள்வார். தான் இருப்பதாக எண்ணிய இடத்திற்கும் உண்மையில் இருக்கும் இடத்திற்கும் உள்ள இடைவெளியே காற்றின் கணக்கு. அந்த இடைவெளியை மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த திசையைத் திருத்திச் சொல்வதே அவரது தொழில். தன் தவற்றை ஒப்புக்கொள்ளாத நேவிகேட்டர் தன்னோடு பறப்போரையும் கடலில் தள்ளிவிடுவார்.

அத்தவறு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை 1941 ஆகஸ்ட் மாதத்தில் எழுதப்பட்ட பட் அறிக்கை வெளிப்படுத்தியது. விமானங்களிலிருந்து எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்தபோது, இலக்கைத் தாக்கியதாகக் கூறிய விமானங்களில் மூன்றில் ஒன்றே இலக்கிலிருந்து 5 மைல் தொலைவுக்குள் சென்றிருந்தது. புகையும் மூட்டமும் சூழ்ந்த ரூர் தொழிற்பகுதியிலோ பத்தில் ஒன்று மட்டுமே. இதனின்று இரு பாதைகள் பிறந்தன. ஒன்று, வழி காண்பதற்கான கருவிகளைச் செம்மை செய்வது. மற்றொன்று, ஓர் ஆலையைத் தாக்க இயலாவிடில் நகரையே இலக்காக்குவது. 1942 பெப்ரவரி 14ஆம் நாள் விடுக்கப்பட்ட ஆணை, பகை நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளரின், மன உறுதியை உடைப்பதை வெளிப்படையாகவே நோக்கமாக்கியது. சார்ல்வுட் எல்சம் வோல்ட்ஸ் தளத்தை அடைந்தபோது அந்த ஆணை நடைமுறையில் இருந்தது.

இனி நூலின் இலக்கியத் தன்மைக்கு வருவோம். தமிழ் மரபில் இதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமாயின், 'கையறுநிலை' என்னும் துறையே பொருந்தும். மறைந்தவரை எண்ணி, எஞ்சியவர் செயலற்று நின்று கூறுவது அது. எட்மன்டனில் சார்ல்வுட்டுடன் ஒரே வகுப்பில் பயின்று நேவிகேட்டரானோர் அவரையும் சேர்த்து 20 பேர். போர் முடிந்தபோது உயிரோடிருந்தவர்கள் 5 பேர். குண்டுவீச்சுப் படையின் முழுக் கணக்கும் நாம் அறிந்ததே: ஏறத்தாழ 1,25,000 பேர் பறந்தனர், 55,573 பேர் மாண்டனர். பெருந்தொகை நம்மை வியக்க வைக்குமேயன்றி அழ வைக்காது. இருபது என்பது அவ்வாறன்று; அது ஒரு வகுப்பறை. யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பது நினைவில் நிற்கும் எண்ணிக்கை. சார்ல்வுட் பெருந்தொகையை நாடாமல் இந்தச் சிறு எண்ணிக்கையையே பற்றிக்கொண்டது அவரது கலையுணர்வைக் காட்டுகிறது.

அவர் பறந்த லங்காஸ்டர் விமானத்தில் 7 பேர். மேற்கு ஆஸ்திரேலியரான ஜெப் மேடர்ன் விமானி. முன்பின் அறியாத இளைஞர்களைப் பயிற்சித் தளத்தின் ஒரு கூடத்தில் கூட்டி, உங்களுக்குள் நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுவது அந்நாளைய வழக்கம். இவ்வாறு தற்செயலாய் இணைந்தவர்கள் சில வாரங்களிலேயே உடன்பிறந்தாரினும் நெருங்கியவர்களாயினர். ஒருவர் கணக்கில் பிழைத்தால் எழுவரும் மாளவேண்டிய நிலையில், அன்பு என்பது வெறும் உணர்ச்சியன்று; கடமையின் மறுபெயர். பக்கத்து மேசையில் உணவருந்தியவர்கள் மறுநாட்காலை இல்லை. அவர்களுடைய உடைமைகள் கட்டி அகற்றப்படுகின்றன. புதியவர்கள் அதே கட்டில்களில் படுக்கின்றனர். இதைச் சொல்லும்போது சார்ல்வுட் குரலை உயர்த்துவதில்லை. நேரம், இடம், பெயர், வராதவர் யார் என்று குறிப்பேட்டில் பதிவது போலவே எழுதிச் செல்கிறார். அந்த அடக்கமே நம் நெஞ்சை அழுத்துகிறது. வீரப் பெருமிதத்தை எதிர்பார்த்து நூலைத் திறப்பவர் ஏமாறுவார். அந்த ஏமாற்றம் நன்மைக்கே.

இவ்வளவும் நூலின் நிறை. இனி அதன் குறையையும் கூறுதல் திறனாய்வின் கடன். கையறுநிலை பாடுவோன் தன் பக்கத்து மறைந்தோரையே பாடுகிறான். கீழே இருந்தவர்கள் எங்கே? சார்ல்வுட்டுக்கு ஐயங்கள் எழாமலில்லை. தன் பணியின் தன்மையை அறியாத பேதையும் அல்லர் அவர். ஆயினும் எரியும் நகரில் இருந்தவர் எவரும் முகமும் பெயரும் உடையவராய் நூலுக்குள் வருவதில்லை. அவ்வாறு வரவும் முடியாது என்று ஒருவர் வாதிடலாம். பல ஆயிரம் அடி உயரத்தில், திரைக்குப் பின்னே அமர்ந்து, வீடு திரும்பும் திசையை அப்போதே கணித்துக்கொண்டிருப்பவர் யாருடைய முகத்தைக் காண்பார்? அவர் காணாததை எழுதியிருந்தால் அதுவே பொய்யாகியிருக்கும். இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் சிக்கலும் அங்கேதான் உள்ளது. காணாமலேயே கொல்ல முடியும் என்பதே அப்போரின் புதுமை.

நம் பழைய புறப்பாடல்களும் பகைவர் நாட்டை எரியூட்டுவதைப் பாடியுள்ளன. அதற்கு 'மழபுல வஞ்சி' என்று துறைப் பெயரே உண்டு. எனவே பண்டைய போர் தூய்மையானது என்று நாம் பெருமை பேசுவதற்கில்லை. எனினும் அதே புறநானூற்றின் ஒன்பதாம் பாடலில், அம்பு தொடுக்குமுன் பெண்டிரும் பிணியுடையோரும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவித்துப் போர் தொடங்குதல் அறமெனப் போற்றப்படுகிறது. கொல்லத்தக்கவர், தகாதவர் என்னும் எல்லைக்கோடு ஒன்று இருந்தாக வேண்டும் என்ற உணர்வு அங்கே உள்ளது. 1942இன் ஆணை அழித்தது அந்தக் கோட்டையே.

அக்காலத்திலேயே இதைச் சொன்னவர்கள் இல்லாமலில்லை. 1944 பெப்ரவரி 9ஆம் நாள் பிரிட்டானியப் பிரபுக்கள் சபையில், சிசெஸ்டரின் ஆங்கிலிக்கன் ஆயர் ஜார்ஜ் பெல், நகரங்களை அழிக்கும் கொள்கையை எதிர்த்துப் பேசினார். அதே ஆண்டில் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் போர்ட், நகர்களைத் துடைத்தழிக்கும் குண்டுவீச்சு அறநெறிக்கு ஒவ்வாதது என்று விரிவான கட்டுரை எழுதினார். நவீனப் போரில் அனைவரும் போர்வீரரே என்ற வாதத்தை மறுக்க, அவர் ஒரு தொழில் நகரில் வாழ்வோரின் நீண்ட பட்டியலைத் தந்தார்: ரொட்டி சுடுபவர், துணி தைப்பவர், செருப்புத் தைப்பவர், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். இவர்களையெல்லாம் எந்த நியாயத்தால் கொல்லலாம் என்பதே அவர் கேள்வி. இருபத்தோராண்டுகளுக்குப் பின், 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கமும் முழு நகரங்களைக் கண்மூடித்தனமாய் அழிக்கும் செயலைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமென்று தெளிவுறக் கண்டித்தது.

ஆயினும் இத்தீர்ப்பைச் சார்ல்வுட்டின் தலைமீது மட்டும் இறக்கிவைப்பது எளிதாயினும் நேர்மையன்று. ஆணையிட்டவர்கள் மேசைகளின் முன் இருந்தனர். 30 முறை சாவைச் சந்திக்கச் சென்றவர்கள் இவ்விளைஞர்கள். 1940 நவம்பரில் கோவென்ட்ரி நகரும் அதன் பேராலயமும் எரிந்ததை அந்நாடு கண்டிருந்தது. நாசிகளின் கொடுமையை யாரேனும் தடுத்தாக வேண்டும் என்பதும் பொய்யன்று. நல்லவன் ஒருவன், நல்ல காரணத்திற்காக, நண்பர்மீது கொண்ட அன்பின் பொருட்டே தன் கணக்கைப் பிழையறச் செய்கிறான். அக்கணக்குச் சரியாக அமைவதாலேயே ஒரு தெரு எரிகிறது. இந்த முரணை விளக்கித் தீர்க்க நூல் முயலவில்லை. முயன்றிருந்தால் அது சாட்சியமாக இராமல் வழக்குரையாகியிருக்கும்.

இங்கே இன்னொரு நேவிகேட்டரையும் நினைவுகூரலாம். நோபிள் பிராங்க்லண்ட் அதே குண்டுவீச்சுப் படையில் பறந்தவர். போருக்குப் பின் சார்ல்ஸ் வெப்ஸ்டருடன் இணைந்து அப்படையின் அதிகாரபூர்வ வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதினார். அது 1961இல் வெளிவந்தது. போரின் பெரும்பகுதிக் காலத்தில் நகரத் தாக்குதல்கள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று அவ்வரலாறு கூறியபோது பெருஞ் சீற்றம் எழுந்தது. அவர் விளைவை அளந்தார். சார்ல்வுட் இழப்பை அளந்தார். தாம் எண்ணிய இடம் வேறு, இருந்த இடம் வேறு என்று குறிப்பேட்டில் எழுதப் பழகிய கைகள் இருவருடையவும். அப்பழக்கம் இருவர் எழுத்திலும் நிலைத்திருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

சார்ல்வுட் இப்பொருளை ஒரே நூலோடு முடித்துவிடவில்லை. 1991இல் 'ஜர்னீஸ் இன்டு நைட்' என்ற நூலில் மீண்டும் அந்த இருபது பேரிடமே திரும்பினார். முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அவ்வகுப்பறை அவரை விடவில்லை. இடையே அவர் செய்த தொழிலும் கருதத்தக்கது: பல்லாண்டுகள் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக இருந்து, விமானங்கள் பத்திரமாய் இறங்க வழி சொன்னார். 2012இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார்.

நூலை மூடியபோது எனக்கு யோனாவின் கதை நினைவுக்கு வந்தது. நகருக்கு வெளியே அமர்ந்து நினிவேயின் அழிவுக்குக் காத்திருந்த இறைவாக்கினரிடம், வலக்கை இடக்கை வேறுபாடறியாத ஓர் இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோரையும் எண்ணற்ற கால்நடைகளையும் குறித்து ஆண்டவர் கேட்கிறார். யோனா என்ன மறுமொழி சொன்னார் என்று அந்நூல் கூறவில்லை. சார்ல்வுட்டின் நூலிலும் அம்மறுமொழி இல்லை. அவர் தம் இருபது பேரைப் பெயர் சொல்லி எண்ணிவிட்டார். கீழே இருந்தவர்களையும் அவ்வாறே எண்ணத் தொடங்குவது, இனி அந்நூலைப் படிப்பவரின் பொறுப்பு.