சாந்தினி சௌக்கில் சாலையைப் பார்க்காதீர்கள்

தில்லிக்கு வரும் நம் ஊர்க்காரர்களின் பட்டியல் எனக்கு மனப்பாடம். குதுப் மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், ஒரு நாள் ஆக்ரா. செங்கோட்டைக்கும் போவார்கள். லாகூர் வாசலுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்படியே திரும்பினால் எதிரே நேராக ஓடுகிறது சாந்தினி சௌக். ஒரு சாலையைத் தாண்டினால் போதும். தாண்ட மாட்டார்கள். கூட்டம், அழுக்கு, பிக்பாக்கெட் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆட்டோ பிடித்துக் கரோல் பாகுக்குப் போய், பாண்டி பஜாரில் கிடைப்பதையே வாங்கிப் பெட்டியில் திணித்துக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். எல்.டி.சி. எடுத்து, இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து, கடைசி இருநூறு அடியில் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்ராவை விட்டுத் தில்லிக்கு வர முடிவு செய்த ஷாஜகான் 1639இல் செங்கோட்டையைக் கட்டத் தொடங்கி 1648இல் குடியேறினார். கோட்டையிலிருந்து மேற்கே ஃபதேபுரி மசூதிவரை போகும் இந்தக் கடைத்தெருவை 1650இல் அமைத்தவர் அவருடைய மகள் ஜஹானாரா பேகம். நீளம் சுமார் 1.3 கிலோமீட்டர். நடுவில் கால்வாய் ஓடியது. பாதி வழியில் ஒரு சதுக்கமும் குளமும் இருந்தன. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் ஜஹானாராவின் சத்திரத்தை இடித்துவிட்டு டவுன் ஹாலைக் கட்டினார்கள், முன்னால் மணிக்கூண்டும் எழுப்பினார்கள். அந்த மணிக்கூண்டும் 1950களில் விழுந்துவிட்டது. 1963 வரை டிராம் ஓடியது. 2021 செப்டம்பரிலிருந்து சிவப்புக் கல் பாவிய தரை. காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மெட்ரோவில் மஞ்சள் வழித்தடம் என்றால் சாந்தினி சௌக் நிலையம், ஊதா வழித்தடம் என்றால் லால் கிலா. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். பதினோரு மணிக்கு முன்னால் போய் நிற்பதிலும் பயனில்லை. பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். அடிப்படை அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். சாந்தினி சௌக் பார்த்தேன் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பார்த்தது சாலையை மட்டும்தான். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், கண்ணாடிக்குள் நிற்கும் லெஹங்கா பொம்மைகளைப் பார்த்து, தரிபா முனையில் நெய் ஜிலேபி தின்று திரும்பிவிடுகிறார்கள். கல் பாவிய பிறகு இது இன்னும் அதிகமாகிவிட்டது. நடக்க வசதிதான், வயதானவர்களைக்கூட அழைத்துப் போகலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாலை அழகானதும் சாந்தினி சௌக்கே மீண்டுவிட்டது என்று எழுதினார்களே, அது மேலோட்டமான பேச்சு. சாலை வெறும் வழி. அதன் உயிர் இரண்டு பக்கமும் உள்ளே இருக்கிறது.

கோட்டையை முதுகில் வைத்துக்கொண்டு நடந்தால், இடது கையில் தரிபா கலான்: வெள்ளி நகை, அத்தர். அதிலிருந்து பிரிகிற கினாரி பஜாரில் ஜரிகை, கல்யாண அலங்காரச் சாமான்கள். இன்னும் போனால் பாடப்புத்தகங்களுக்கு நை சடக், மூக்குக்கண்ணாடிக்கும் செருப்புக்கும் பல்லிமாரான். வலது கையில் மின்சாமான்களின் பாகீரத் பேலஸ். மேற்குக் கோடியில், மசூதியைத் தாண்டியதும் மசாலாச் சந்தை, காரி பாவ்லி. எந்த வழிகாட்டியும் இதைச் சொல்லிவிடும். எந்த வழிகாட்டியும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த இடத்தை ரசிக்க அது ஒன்று போதும் என்பேன்.

உள்ளே போகும் வாய்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கட்டரா. மற்றது கூச்சா.

கட்டரா வியாபாரத்துக்காகவே கட்டிய அடைப்பு. ஒரு வாசல், ராத்திரியில் பூட்டிக்கொள்ள ஒரு கதவு. உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கடைகள், மேலே கிட்டங்கியோ குடியிருப்போ. பெரும்பாலும் ஒரே சரக்கு. கூச்சா அப்படியில்லை. அது முதலில் குடியிருப்பு. வளைந்து வளைந்து போகும் சந்து, இரண்டு பக்கமும் வீட்டு வாசல்கள், வாசலோரம் உட்காரக் கல் திண்ணை. கடை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கல்லி என்பதும் இந்த இனம்தான், இன்னும் ஒடுக்கம்.

பெயர்ப்பலகையை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும். வானம் சதுரமாகத் தெரிந்தால் கட்டரா. மின்கம்பிகளுக்கு நடுவே நாடாபோலத் தெரிந்தால் கூச்சா. அடுத்தது காலடி. கட்டராவில் தரை எல்லாருக்கும் பொது. மூட்டை இறக்குவார்கள், கைவண்டி நிற்கும், கோணிக் கிழிசல் கிடக்கும். கூச்சாவில் ஒவ்வொரு வாசலுக்கு முன்னாலும் அந்தந்த வீட்டார் கழுவிய ஈரம் இருக்கும். அப்புறம் காது. கட்டராவில் கணக்குப் பேச்சு எதிரெதிர்ச் சுவரில் மோதித் திரும்பும். கூச்சாவில் பிரஷர் குக்கர் விசில் கேட்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்கலாம். கட்டராவின் முற்றத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள், புரியும். அங்கே எல்லாக் கடையும் எல்லாக் கடையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. யார் யாரிடம் போனார், எத்தனை நேரம் உட்கார்ந்தார், என்ன கட்டிக்கொண்டு போனார், எதையும் மறைக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் விலையை ரகசியமாக வைத்துப் பிழைக்க முடியுமா? அதனால்தான் அங்கே போட்டியெல்லாம் தவணையிலும் சொன்ன சொல்லிலும் நடக்கிறது. எத்தனை நாள் கடன் தருவார், சொன்ன தேதியில் சரக்கு அனுப்புவாரா என்பதுதான் ஒருவரின் பெயர். இன்றைய மால்களில் கடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றுக்கொன்று முகம் பார்ப்பதில்லை. கட்டராவைக் கட்டியவர்களுக்கு வியாபாரம் தெரியும்.

நீல் கட்டராவுக்குப் போங்கள். ஃபதேபுரியை நெருங்கும்போது வலது பக்கம். அவுரி வியாபாரத்தில் பெயர் பெற்ற இடம், இப்போது முழுக்கத் துணி. பழைய முற்றத்தை உள்ளே கிளைத்த சந்துகள் விழுங்கிவிட்டன, ஆனாலும் குணம் போகவில்லை. இடையிடையே சிவன் கோயில்கள். லிங்கத்துக்கு நீர் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போய் உட்காருவார்கள். இன்னும் கத்தி (வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை) வைத்திருக்கும் கடையாகப் பார்த்துத் தேடிப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார வேண்டும். "பெஹன்ஜி, என்ன காட்டட்டும்?" என்பார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் ஒரு தானை (துணிச் சுருளை) எடுத்து, ஒரு கையால் மடிப்பைப் பிடித்து மறு கையால் வீசுவார். துணி காற்றில் ஒரு முறை உப்பி, சுருக்கமில்லாமல் உங்கள் முழங்காலுக்கு முன்னால் வந்து விழும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. பத்துத் தான் பிரித்து நீங்கள் ஒன்றும் வாங்காமல் எழுந்தாலும் முகம் சுளிக்க மாட்டார். பையன் மடிக்க ஆரம்பித்திருப்பான். துணியை வைத்தே இங்கே எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதற்குச் சான்று வாசலிலேயே நிற்கிறது, லாலா சுன்னாமல்லின் ஹவேலி. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் ஃபதேபுரி மசூதியை ஏலத்தில் விட்டபோது 19,000 ரூபாய்க்கு அதை எடுத்தவர் இந்தத் துணி வியாபாரிதான். 1877இல்தான் அது முஸ்லிம்களிடம் திரும்பப் போனது. பாரசீக மன்னர் நாதிர் ஷா 1739இல் வாளை உருவிக்கொண்டு உட்கார்ந்த சுனேஹ்ரி மசூதியை எல்லாரும் காட்டுவார்கள். இந்த ஏலக் கதையை யாரும் சொல்வதில்லை.

கூச்சா இனத்துக்கு என் சிபாரிசு கினாரி பஜாரிலிருந்து பிரியும் நௌகரா. ஒன்பது சமண வீடுகள் கொண்ட முட்டுச்சந்து, முனையில் சமணக் கோயில். வாசல்களில் பூவேலையும் வண்ணமும் அப்படியே இருக்கின்றன. இங்கே நீங்கள் வாடிக்கையாளர் கிடையாது, யாரோ ஒருவருடைய வாசலில் நிற்கும் விருந்தாளி. குரலைத் தாழ்த்துங்கள். திண்ணையில் பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால் நமஸ்தே சொல்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கட்டராவில் விலை கேட்காமல் நிற்பது அநாகரிகம். கூச்சாவில் விலை கேட்கிற பார்வையே அநாகரிகம். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பழைய தில்லி உங்களிடம் முகம் திருப்பாது.

எல்லாம் சுத்தமாகப் பிரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கூச்சா மஹாஜனிக்குப் போனால் பெயர்தான் கூச்சா, தங்கமும் வெள்ளியும் கைமாறும் சந்தை அது. வீட்டு வாசனையே இல்லை. கூச்சா சௌத்ரியில் கேமராக்கள். இரண்டும் கட்டராவின் நடத்தைக்கு மாறிவிட்ட கூச்சாக்கள். வானம் நாடாவாக இருக்கும், பேச்சு கணக்காக இருக்கும். அடையாளங்கள் இப்படி முரண்படும் இடத்தில் நின்று, எது எப்போது மாறியிருக்கும் என்று யோசிப்பதைவிடச் சுகமான பொழுதுபோக்கு தில்லியில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதைப் பார்க்கவிடாமல் கெடுப்பவர்கள் மூன்று வகை. முதலில் சாப்பாட்டு வீடியோக்காரர்கள். பராண்டா, குல்ஃபி, தஹி பல்லா என்று இவர்கள் தின்று தீர்த்ததில் சாந்தினி சௌக் என்றாலே தட்டு என்றாகிவிட்டது. பராண்டே வாலி கல்லிக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அங்கேயே ஆரம்பித்து அங்கேயே முடிப்பது பசி, ரசனை இல்லை. அடுத்தவர்கள் பாரம்பரிய நடை நடத்துகிறவர்கள். ஒரு மரக்கதவைக் காட்டிப் படம் எடுக்கவைத்துவிட்டு, உள்ளே வியாபாரம் நடப்பதையே ஒரு நோய்போலப் பேசுவார்கள். பாகீரத் பேலஸ் ஒரு காலத்தில் பேகம் சம்ருவின் மாளிகை. சொந்தப் படை வைத்து சர்தனாவை ஆண்ட பெண். அங்கே இப்போது சுவிட்சும் ஒயரும் விற்கிறார்களே என்று அழுகிறார்கள். அந்த மாளிகையின் தூண்கள் இன்றும் நிற்பது அந்த இடத்தில் தினமும் கடை திறப்பதால்தான். பூட்டிப் போட்ட ஹவேலிகள் என்ன ஆயின என்று இவர்களே கணக்கெடுக்கட்டும்.

மூன்றாவது வகை, கவிஞர் காலிப்புக்காகப் பெருமூச்சு விடுகிறவர்கள். பல்லிமாரானில் காசிம் ஜான் கல்லியிலுள்ள அவருடைய வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தில்லி செத்துவிட்டது என்று எழுதுவார்கள். 1857 அந்தத் தில்லியைக் கொன்றது உண்மை. 1947இல் பல குடும்பங்கள் போயின, பஞ்சாபிலிருந்து அகதிகள் வந்தார்கள், கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட் உண்டானது. அத்தனைக்கும் பிறகு கட்டராக்கள் காலையில் திறந்து சாயங்காலம் சாத்துகின்றன. அதைப் பார்க்கக் கண்ணில்லாதவர்களின் சோகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி, நம்மூர்க்காரர்கள் என்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். காரி பாவ்லியில் கடோடியா மார்க்கெட் என்று ஒன்று இருக்கிறது. 1920களில் ஒரு சேட் கட்டியது. மார்க்கெட் என்று பெயர் வைத்தாலும் அப்பழுக்கில்லாத கட்டரா அதுதான். வளைவு வாசலுக்குள் நுழைந்ததும் சதுர வானம். கீழே மிளகாய் மூட்டைகளைச் சுற்றி எல்லாரும் இருமிக்கொண்டிருப்பார்கள், மூட்டை தூக்குகிறவர் உள்பட. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்ளுங்கள். "பச்கே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் சுவரோரம் ஒட்டிவிடுங்கள், தலையில் கனத்த மூட்டையோடு வருகிறவரால் நிற்க முடியாது. படியோரம் யாரிடமாவது கேட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். ஒரு பக்கம் கட்டராவின் முற்றம் கிணறுபோல ஆழத்தில், மறுபக்கம் ஃபதேபுரி மசூதியின் குவிமாடம். நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அங்கே ஒரே பார்வையில் கிடைத்துவிடும்.

இறங்கி வந்து ஏதாவது வாங்காமல் போகாதீர்கள். மிளகும் ஏலக்காயும் வேண்டாம், அவை நம் பக்கத்து மலைகளிலிருந்து இங்கே வருபவை. காஷ்மீர் வாதுமைக்கொட்டை, ஆப்கானிஸ்தான் அத்திப்பழம், பெருங்காயம் வாங்குங்கள். பெருங்காயத்தைக் கட்டியாகக் கேளுங்கள், தூளாக வேண்டாம். கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். எதிர்க்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், அதனால் முதலில் சொன்ன விலையிலிருந்து அதிகம் இறங்க மாட்டார்கள்.